சரிவில் உருண்ட லாரி

கேள்வி: மின்சார லாரி கம்பெனிகள் ஏன் திவாலாகின்றன?

பதில்: முதல் லாரியை விற்பதற்கு முன்பே ஃபேக்டரிக்கும் பேட்டரிக்கும் கோடிகளைக் கொட்டியாக வேண்டும். அதுவரை முதலீட்டாளர் பணத்தில்தான் வண்டி ஓடும். அமெரிக்காவின் நிகோலாவைப் பாருங்கள். 2020-ல் பங்குச் சந்தைக்கு வந்த சூட்டில், ஒரு லாரிகூட விற்காமலே சந்தை மதிப்பில் ஒரு கட்டத்தில் ஃபோர்டை முந்தியது! விளம்பர வீடியோவில் ஜம்மென்று ஓடிய லாரி, உண்மையில் சரிவான சாலையில் உருட்டிவிடப்பட்டது என்று பிறகு அம்பலமானது. நிறுவனர் ட்ரெவர் மில்டன் மோசடிக் குற்றவாளி என 2022-ல் தீர்ப்பு. (2025-ல் டிரம்ப் மன்னித்துவிட்டார், அது தனிக்கதை.) 2023-ல் பேட்டரி தீப்பிடித்ததால் 209 லாரிகளைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. 2025 பிப்ரவரியில் திவால் மனு. ஆகவே, இப்படிப்பட்ட கம்பெனிகளில் லாரி முன்பதிவு எண்ணிக்கையை நம்பிப் பங்கு வாங்காதீர்கள். கம்பெனியின் கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்.