நீதிபோதனையும் துரோணரின் வினாவும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்தில், முன்சீப்பாக விளங்கிய ஒரு வைஷ்ணவப் பெரியவரின் இல்லத்தில், 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அவதரித்தவர் மூதறிஞர் ராஜாஜி. தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் இளமைக் கல்வி கற்ற அவர், பின்னாளில் கவர்னர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். எனினும் தமிழ் இல்லங்களில் அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' என்னும் இரு நூல்களும் பெருங்காரணமாகும். பின்னது 1958இல் சாகித்ய அகாதெமியின் பரிசைப் பெற்றது.

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை; எவ்வாறு போதிப்பது என்பதில்தான் இடர்ப்பாடு. முற்றிலும் அரசுப் பணத்தில் நடைபெறும் பள்ளிகளில் சமய போதனை கூடாதென நமது அரசியல் சாசனத்தின் 28ஆம் ஷரத்து விதிக்கிறது. அவ்வரம்புக்குள் நின்று, 1959இல் அமைக்கப்பட்ட ஸ்ரீபிரகாசா குழுவும், 1964–66ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த கோத்தாரி குழுவும் நன்னெறிக் கல்வியை வற்புறுத்தின. வாரம் ஓரிரு பீரியடுகள் அதற்கென ஒதுக்கலாம் என்றது பின்னது. பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார் என்பது மாணாக்கர் அனைவரும் அறிந்த இரகசியம்!

பீரியடு கிடைத்தாலும், 'பொய் சொல்லாதே' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதுமா? பாரதப் போரின் பதினைந்தாம் நாளை நோக்குவோம். அசுவத்தாமன் மாண்டான் என்ற பேச்சு துரோணர் செவியில் விழுகிறது. அவர் அதை நம்பவில்லை. மூவுலகே கிடைப்பதாயினும் பொய் உரையாதவன் என்று தாம் கருதிய தருமபுத்திரரிடம் மெய்யா என வினவுகிறார். மாண்டது அப்பெயருடைய யானை. தருமரோ, யானை என்ற சொல்லைத் துரோணர் செவிக்கு எட்டாதவாறு தாழ்ந்த குரலில் கூறுகிறார். அதுவரை பூமியில் படாமல் நான்கு விரற்கடை உயர்ந்து சென்ற அவர் தேர் தரையைத் தொட்டுவிடுகிறது.

ஏமாற்றப்பட்டவர் அவருக்கு வில்வித்தை கற்பித்த ஆசிரியர். மாணவன் பொய் சொல்லமாட்டான் என்ற ஆசிரியரின் நம்பிக்கையே அங்கு ஆயுதமாயிற்று. அதே துரோணர் முன்னொரு நாள் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டுப் பெற்றவர் என்பதையும் பாரதம் மறைக்கவில்லை. 'தருமரே பொய் சொல்லலாமா?' என்று ஒரு சிறுவன் வகுப்பில் எழுந்து கேட்டால், அவனை அதட்டி உட்காரவைக்கும் ஆசிரியர், கையில் கிட்டிய பாடத்தை நழுவவிட்டவராவார். ஆசாரியன் என்ற சொல்லுக்கே, தான் ஆசரித்துப் பிறரையும் ஆசரிக்கச் செய்பவன் என்றல்லவா நம் பெரியோர் பொருள் கூறினர்? விடை தெரியாவிடில், 'எனக்கும் அது உறுத்துகிறது' என்று ஆசிரியர் உண்மையைச் சொல்வதும் ஒரு போதனையே.

ஓசூர்ப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். 1980 முதல் லாரி, மொபெட், கைக்கடிகாரத் தொழிற்சாலைகள் இங்கு பெருகின. வெளியூர்களிலிருந்து குடியேறிய தொழிலாளர் பலர். ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் கலந்து அமர்கின்றனர். இரவு ஷிப்டு முடிந்து தந்தை உறங்கும் வேளையில் மகன் பள்ளிக்குப் புறப்படுகிறான். வீட்டில் கதை கேட்கும் நேரம் குறைந்துவிட்டது. ஆனால் கதை அந்நியமன்று: தெலுங்கர்க்கு நன்னயர், கன்னடர்க்குக் குமாரவியாசர், தமிழர்க்கு வில்லிபுத்தூரார். கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமங்களில் பாரதக் கூத்தும், துரியோதனன் படுகளமும் கண்ட பாட்டிமார் இன்றும் உளர். அவர்களுள் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, துரோணர் வினவிய அந்த ஒரு கட்டத்தை மட்டும் அவரது தாய்மொழியிலேயே சொல்லச் செய்யலாம். மற்ற மொழிப் பிள்ளைகளுக்குப் பொருள் விளக்கும் பொறுப்பை, வகுப்பில் அம்மொழி அறிந்த பிள்ளையே ஏற்றுக்கொள்வான்.