தேய்ந்ததும் தேய்ந்துபோனதும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முதலாண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்பு. தலைப்பு ‘என் குடும்பம்’. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சோமனூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டும் என் தந்தையை ‘ஏன்ஷியன்ட்’ மனிதர் என்றும், அவர் கைகளை ‘வோர்ன் அவுட்’ என்றும் எழுதி வாசித்தேன். வகுப்பே சிரித்தது. அகராதி பார்த்துத்தான் எழுதியிருந்தேன்! பிழை எங்கே எனத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

‘ஓல்டு’ என்பது பொதுச்சொல். ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். தமிழிலோ சட்டை பழையது, மனிதர் முதியவர், தேங்காய் முற்றியது. ‘ஓல்டு ஃபிரண்ட்’ என்றால் நண்பருக்கு வயதாகிவிட்டது என்பதன்று, நட்புக்குத்தான் வயது. நம் ‘பழைய நண்பர்’ என்பதும் அவ்வாறே.

‘ஏன்ஷியன்ட்’ என்பது தொன்மை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையவை, அவை ‘ஏன்ஷியன்ட்’. கோவையில் 1888இல் தொடங்கிய முதல் நூற்பாலை ‘ஓல்டு’ மட்டுமே. மனிதரை ‘ஏன்ஷியன்ட்’ என்றால் அது கேலியாகிவிடும். வயதான பெரியவரை மதிப்புடன் குறிக்க ‘எல்டர்லி’ என்ற சொல் உண்டு.

இனித் தேய்மானம். பேணாமல் பொலிவிழந்தது ‘ஷாபி’. உபயோகத்தால் தேய்ந்தும் இன்னும் பயன் தருவது ‘வோர்ன்’. இனிப் பயன்படாது என்ற நிலைக்கு வந்துவிட்டது ‘வோர்ன் அவுட்’. இயற்பியல் மாணவனுக்கு இது எளிதில் விளங்கும்: உராய்வு இருக்கும் இடத்தில்தான் தேய்மானம், ஆகவே தேய்மானம் உழைப்பின் அடையாளம். வீட்டு அம்மி தேய்ந்தால் கொத்தி வைத்து மறுபடி அரைக்கிறோம், அது ‘வோர்ன்’. குச்சியெல்லாம் உதிர்ந்து கட்டையான சீமாறு ‘வோர்ன் அவுட்’. ‘தேய்ந்த’ என்பதற்கும் ‘தேய்ந்துபோன’ என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுவே. அந்தப் ‘போன’ என்ற சொல்லின் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘அவுட்’ செய்கிறது.

கட்டுரையைத் திருத்தியெழுதி, அதன் பொருளைத் தந்தையிடம் தமிழில் சொன்னேன். தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே, “தேஞ்சுதான் இருக்குது கண்ணு. ஆனா நாளைக்கும் தறி ஓட்டோணுமில்ல?” என்றார்.

‘வோர்ன்’ என்ற சொல்லுக்கு இதனினும் நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் காணவில்லை.