இடுப்பு நிமிர்ந்தால் வாழ்வு நிமிரும்

இந்த மாத உடல்நலப் பாடம் (குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்)



நவரை நடவு முடிந்த வாரத்தில் பெருநகர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பை எண்ணி, தவணையை நோட்டில் எழுதி முடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒரு அக்கா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"என்னக்கா, இடுப்பா?" என்று கேட்டோம்.

"இடுப்புன்னு ஒன்னு இருக்குதான்னே தெரியலம்மா. பகல்ல நடவு, ராத்திரி தூக்கம் இல்ல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாத்தான் காலையில எழுந்திருக்கவே முடியுது. மூணு மாசமா இப்படித்தான் ஓடுது" என்றார்.

வேறு யாருக்கெல்லாம் இடுப்பு, கழுத்து, முட்டி வலி என்று கேட்டோம். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அதுவரை அதைக் கூட்டத்தில் பேசியதில்லை. "வேலை செஞ்சா வலிக்காதா, இதெல்லாம் ஒரு பேச்சா" என்பதுதான் பதில்.

யோசித்துப் பாருங்கள். நாம் வாங்கிய கடனுக்கு ஈடாக நிலம் வைக்கவில்லை, நகை வைக்கவில்லை. இந்த உடம்பின் உழைப்பை நம்பித்தான் வாங்கினோம். மாடு படுத்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுகிறோம். நாம் படுத்தால் மட்டும் "நாளைக்குச் சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

வலி எப்படி வருகிறது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை போல ஒரு தட்டு உண்டு. இந்த அடுக்கைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள தசைகள். கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துகிறோமே, அதுபோல. ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் எதிர்ப்பக்கக் கயிறுதான் எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும்.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் அந்தத் தட்டுகளின் உள்ளே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அளந்து பார்த்தார். நேராக நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது ஏறத்தாழ 25தான். குனிந்து நின்றால் 150. குனிந்தபடி 20 கிலோ தூக்கினால் 220. நடவு, களை, அறுவடை, துணி துவைப்பது, பெருக்குவது என்று பொழுதெல்லாம் குனிந்தே இருக்கும் நமக்கு ஏன் வலிக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

குனிவது தப்பு என்று சொல்லவில்லை. குனியாமல் நாற்று நட முடியாது. எந்த நிலையிலும் வெகுநேரம் அசையாமல் இருப்பதுதான் கெடுதல். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிறவருக்கும், தையல் மிஷினில் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தைக்கிறவருக்கும், ராட்டையில் தார் சுற்றுகிறவருக்கும் இதே கதைதான். நிலையை மாற்றிக்கொண்டே இருக்கப் பழக வேண்டும்.

முன்னும் பின்னும், இடமும் வலமும்

நாள் முழுக்கக் குனிகிறவர்களுக்கு முதுகுத் தசை களைத்துப்போகிறது. வயிற்றுத் தசையும் பின்தட்டுத் தசையும் வேலை இல்லாமல் பலம் குறைகின்றன. பிள்ளைப்பேறுக்குப் பிறகு வயிற்றுத் தசை தளர்ந்தே இருந்துவிட்டால் பாரம் இன்னும் கூடும்.

இன்னொன்று, ஒரே பக்கப் பழக்கம். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில், குழந்தையையும் அதே இடுப்பில் வைப்போம். 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ எடை, குடத்தின் எடை தனி. தினம் ஐந்தாறு நடை நடந்தால் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்துபோகும்.

செய்ய வேண்டியவை:

• போகும் நடைக்கு ஒருமுறை இடுப்பை மாற்றுங்கள். முடிந்தால் பெரிய குடம் ஒன்றுக்குப் பதில் சின்னக் குடம் இரண்டு, இரு கையிலும் சமமாக.

• தூக்கும்போது முதலில் முட்டியை மடக்கி உட்காருங்கள். பொருளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு காலால் எழுந்திருங்கள். தள்ளிப் பிடித்தால் பாரம் கூடும். ஏற்றத்தில் மரம் நீள நீள இழுப்புக் கூடுவது நமக்குத் தெரிந்ததுதானே.

• பாரத்தோடு இடுப்பை மட்டும் திருப்பாதீர்கள். காலை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்புங்கள்.

• நெல் மூட்டை, புல்லுக்கட்டு, உர மூட்டை என்றால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

வேலையை நம் உயரத்துக்குக் கொண்டு வருவோம்

உடம்பை மட்டும் மாற்றினால் போதாது, கருவியையும் மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி பரவியபோது இதைக் கண்ணால் பார்த்தோம். 14 நாள் வயதுள்ள இளநாற்றை 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவதால், வரிசைக்கு நடுவில் கோனோவீடரைத் தள்ளிக் களை எடுக்கலாம். குனிந்து கையால் பிடுங்கிய வேலை, நின்றபடி தள்ளும் வேலையாக மாறியது. அந்தக் கருவியும் சேற்றில் கனக்கும். அதனால் ஒருவரே நாள் முழுக்கத் தள்ளாமல் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும்.

வீட்டிலும் இப்படி மாற்றலாம். துடைப்பத்துக்கு நீளக் கம்பு கட்டினால் நின்றபடி பெருக்கலாம். துவைக்கிற கல்லை இடுப்பு உயரத்துக்கு உயர்த்திக் கட்டலாம். கீரை ஆய, பூக் கட்டத் தாழ்வான மணையோ முக்காலியோ போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரலாம். தைக்கிறவர்கள் நாற்காலியில் ஒரு சின்னத் தலையணையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்து நிமிடம்

காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு பாயும் ஒரு சுவரும் போதும்.

1. பின்னால் சாய்தல்: வயலில் வரப்பு ஏறும்போதெல்லாம் இரு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள். 5 தடவை. அரை மணிக்கு ஒருமுறை செய்தால் நல்லது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

2. சுவரோடு நிற்றல்: பின்தலை, தோள்பட்டை, பின்தட்டு மூன்றும் சுவரில் படும்படி ஒரு நிமிடம் நில்லுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

3. பாலம்: பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பை உயர்த்துங்கள். ஐந்து எண்ணி இறக்குங்கள். 10 தடவை. பின்தட்டுக்கும் முதுகுக்கும் இது பலம் தரும்.

4. முட்டி அணைப்பு: படுத்தபடியே ஒரு முட்டியை நெஞ்சோடு அணைத்துப் பத்து எண்ணுங்கள். பிறகு மறுகால்.

5. கால் நீட்டல்: பழைய புடவைத் துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை நேராக மேலே தூக்கி இருபது எண்ணுங்கள். தொடையின் பின்பக்கம் லேசாக இழுத்தால் போதும்.

6. அடித்தசை இறுக்கம்: மூத்திரத்தை அடக்குவது போல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்துங்கள். 10 தடவை. இருமினால், தும்மினால் மூத்திரம் சொட்டுகிறவர்களுக்கும், அடி இறங்கியது போல உணர்கிறவர்களுக்கும் இது மிகவும் உதவும். இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே பல பெண்கள் வருடக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள். கர்ப்பப்பை இறக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. செவிலியரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், மாரடைப்பு வந்தவர்களும் கேட்டுக்கொண்டு செய்யவும். வலி கூடினால் அன்று விட்டுவிடுங்கள். இரண்டு நாளில் மாற்றம் வராது. ஆறு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

தூக்கம் ஒரு மருந்து

பகலில் நசுங்கிய தட்டு ஊறித் தேறுவதும், களைத்த தசை சரியாவதும் படுத்திருக்கும் நேரத்தில்தான். தூக்கம் குறைந்தால் மறுநாள் அதே வலி இரட்டிப்பாகத் தெரியும். வயது வந்தவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் தூக்கம் வேண்டும். பதினொரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு வாசல் தெளிக்க எழுந்தால் ஐந்து மணி நேரம்தான்.

• ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் மடித்த புடவையையோ தலையணையையோ வையுங்கள். மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் வையுங்கள். இடுப்பு இளைப்பாறும்.

• தலையணை மிக உயரமாக வேண்டாம். தரையில் பாய் ரொம்பக் கடினமாக இருந்தால் மேலே ஒரு போர்வையை மடித்து விரியுங்கள்.

• எழும்போது நேராக எகிறி எழாமல், ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

• மாலை 4 மணிக்கு மேல் டீ, காபியைக் குறையுங்கள். அதன் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும்.

• சீரியலும் செல்போனும் தூக்கத்தைத் திருடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

• தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்தால் உடம்பு பழகிக்கொள்ளும்.

தவணைக் கவலையாலோ, வீட்டில் குடியும் சண்டையும் இருப்பதாலோ தூக்கம் வரவில்லை என்றால் தலையணையை மாற்றித் தீராது. அதைக் குழுவில் சொல்லுங்கள். சேமிப்பை மட்டுமல்லாமல் சங்கடத்தையும் பகிர்ந்துகொள்ளத்தான் குழு.

ரத்தத்தையும் கவனியுங்கள்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது தெரியவந்தது. ரத்தம் குறைந்தால் தசை சீக்கிரம் களைக்கும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு ராத்திரியில் கால் குடைச்சல் வந்து தூக்கமும் கெடலாம். முருங்கைக்கீரை, பயறு, முட்டை, கருவாடு சேருங்கள். கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம், அது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. கூழை மறந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். முழுநாளும் படுத்தே இருக்கக் கூடாது, மெதுவாக நடமாட வேண்டும். ஆனால் கீழ்க்கண்டவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

• வலி காலில் இறங்கி மரத்துப்போவது, பாதம் பலம் இழப்பது
• மூத்திரமோ மலமோ அடக்க முடியாமல் போவது, மூத்திரம் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் மரத்துப்போவது (இவை வந்தால் அன்றே போக வேண்டும்)
• காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது
• கீழே விழுந்த பிறகு வரும் வலி
• படுத்தாலும் குறையாத ராத்திரி வலி
• வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலியோடு சேர்ந்த இடுப்புவலி

கடையில் நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரை நாள்பட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு தேடி வரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சுகாதாரத் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்களும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இயன்முறை சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

உட்காரவும் உரிமை உண்டு

நம் பெண் பிள்ளைகள் பலர் காஞ்சிபுரத்தில் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கிறார்கள். கால் வீங்கி, இடுப்பு கடுத்து வீட்டுக்கு வருகிறார்கள். கேரளத்தில் இதே நிலை இருந்தது. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் கடைப் பெண்களைத் திரட்டினார். வருடக்கணக்காகப் போராடியதன் பலனாக 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கடை ஊழியர்கள் வேலையின் நடுவே உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் மகளிடம் கேளுங்கள்: "கடையில உக்கார நாற்காலி போட்டிருக்காங்களா?"

அந்த அக்கா இப்போது...

முதலில் சொன்ன அக்காவை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தோம். ரத்தம் சோதித்ததில் குறைவு என்று தெரிந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். பாலமும் முட்டி அணைப்பும் படுக்கப் போகும்போது செய்கிறார். "வலி முழுசா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். நடவு நாள்ல இன்னும் இருக்குது. ஆனா தினப்படி மாத்திரை நின்னுபோச்சு. சுவரைப் பிடிக்காம எழுந்திருக்கிறேன், பாருங்க" என்று எழுந்து காட்டினார். கூட்டமே கை தட்டியது.

இந்த மாதக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யாருக்கு எங்கே வலி? எவ்வளவு நாளாக?
2. வலி மாத்திரை தினமும் போடுகிறவர் யார்? அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போவது யார்?
3. கோனோவீடர், நீளக் கம்புத் துடைப்பம் போன்றவற்றைக் குழு சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைக்க முடியுமா?
4. ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்யலாமா?

நாலாவது கேள்விக்கு "சரி" என்று பதில் வந்தால், அதை அப்படியே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு எல்லோரும் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, ஐந்து தடவை பின்னால் சாயுங்கள்.