வினவிக் கற்போம், கூடிக் கற்போம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

வகுப்பறை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றுதான். கரும்பலகையருகே ஆசிரியை நிற்பார். நாங்கள் வரிசையாக அமர்ந்திருப்போம். அவர் வினவுவார், நாங்கள் விடையளிப்போம். வினா என்றும் அவருடையது. விடை என்றும் எங்களுடையது. இவை இடம் மாறினால் என்ன ஆகும்? மாணவியரே வினா எழுப்பி, அதற்குரிய விடையைத் தோழியருடன் கூடித் தேடினால் கல்வி எவ்வாறு சிறக்கும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சென்னை தந்த முறை

கூடிக் கற்றல் மேல்நாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர் 1787-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை நடத்திவந்தார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு ஒத்துவரவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவனும் அதைத் திறம்பட நடத்தினான்!

பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியராகும் இம்முறையைப் பற்றிப் பெல் 1797-இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் கல்லூரி' என்னும் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. நம் திண்ணைப் பள்ளிகளிலும் இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சட்டாம்பிள்ளை இருந்தான் அல்லவா?

ஆயினும் மதராஸ் முறையில் ஒரு குறை இருந்தது. மூத்தவன் தான் மனப்பாடம் செய்ததையே இளையவனை ஒப்புவிக்கச் செய்தான். அங்கே கூட்டம் இருந்தது, வினா இல்லை.

வினா பிறந்தால்

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளம் பிள்ளைகளுக்காக ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுவர்த்தியே! 'ஏன்' என்று கேட்பவர்க்கு ஒரு மெழுகுவர்த்தியில் அத்தனை விந்தைகள் உள்ளன.

எங்கள் வகுப்பிலும் மெழுகுவர்த்தியைக் கொண்டு ஒரு சோதனை செய்தோம். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணாடித் தம்ளரால் மூடினால், சுடர் அணைகிறது. நீர் தம்ளருக்குள் ஏறுகிறது. ஆக்ஸிஜன் எரிந்து தீர்ந்துபோவதால் அந்த இடத்தை நீர் நிரப்புகிறது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நாங்கள் நால்வர் நால்வராக அமர்ந்திருந்தோம். "மூன்று மெழுகுவர்த்தி வைத்தால்?" என்றாள் ஒருத்தி. தம்ளர் ஒன்றே, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவே. ஆகவே நீரும் அதே அளவுதான் ஏறவேண்டும். ஆனால் முன்னிலும் உயரமாக ஏறியது! சுடர் அணைந்த பின்னரே நீர் விரைந்து ஏறுவதை மற்றொருத்தி சுட்டிக்காட்டினாள். தம்ளரைக் கவிழ்த்தபோது விளிம்பில் குமிழிகள் வெளியேறியதை மூன்றாமவள் கண்டிருந்தாள். நான்காமவள் அளவுகோல் வைத்து உயரங்களைக் குறித்திருந்தாள்.

நால்வர் கூறியதையும் சேர்த்துப் பார்த்தபோது விடை புலப்பட்டது. சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்ஸிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதையும், எரிந்த ஆக்ஸிஜனுக்கு ஈடாகக் கரியமிலவாயுவும் நீராவியும் உண்டாகின்றன என்பதையும் ஆசிரியை விளக்கினார். தனித்திருந்தால் ஒவ்வொருத்திக்கும் ஒரு துப்பு மட்டுமே கிட்டியிருக்கும்.

பேசாத தோழி

குழுவாக அமர்ந்தால் வாயாடிகளே பேசுவார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள் என்ற குறையும் உண்டு. இதற்கு ஒரு வழி 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பிறந்தது. அங்கே இனப்பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது பூசல் மிகுந்தது. எலியட் அரன்சன் என்னும் உளவியலறிஞர் பாடத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொன்று கொடுக்கச் செய்தார். அவரவர் பகுதியை அவரவரே மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும்; தேர்வோ பாடம் முழுவதிலும் நடக்கும். தயங்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவர்க்கே! ஆகவே பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். இதற்கு 'ஜிக்சா' முறை என்று பெயர்.

முதல் உலகப்போரின் காரணங்களை நாங்கள் இவ்வாறே நான்காகப் பங்கிட்டுப் படித்தோம். கடைசி பெஞ்சில் வாய் திறவாதிருந்த தோழி, நாடுகளின் கூட்டணிகளைப் படம் வரைந்து விளக்கினாள். அவள் குரலை அன்றுதான் எங்களுள் பலர் கேட்டோம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்

"அரசுத் தேர்வு நெருங்குகிறது. இதற்கெல்லாம் நேரமேது?" என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. செய்யுளையும் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்தே தீரவேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. எனினும் "காரணம் கூறுக" என்ற வினாவுக்கு, காரணத்தைத் தானே தேடியவள் தன் சொந்த நடையிலேயே எழுதுவாள். வகுப்பில் எழும் ஓசையெல்லாம் ஒழுங்கீனமும் அன்று.

மற்றொன்றும் உண்டு. கேள்வி கேட்கும் பையனைக் கெட்டிக்காரன் என்பார்கள். பெண்ணையோ அதிகப்பிரசங்கி என்பார்கள். நாளை நாங்கள் மருத்துவமனையில் மருந்தைப் பற்றியும், வங்கியில் கையெழுத்திடும் தாளைப் பற்றியும் அஞ்சாமல் கேட்கவேண்டியவர்கள். அந்தத் துணிவு ஒரே நாளில் வந்துவிடாது. தோழியர் நடுவே தயக்கமின்றிக் கேட்டுப் பழகிய நாவுக்குத்தான் அது வரும். எனவே வீட்டில் நாங்கள் 'ஏன்' என்றால், "பேசாமலிரு" என்று சொல்லாமல், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

முடிவுரை

வினா இல்லாத கூட்டம் ஒப்புவித்தலாக முடிந்ததையும், பலர் கண்ட துப்புகள் சேர்ந்தபோது விடை பிறந்ததையும் கண்டோம். இரண்டும் இணையும் வகுப்பில் ஆசிரியையின் பணி குறைவதில்லை. எப்போது விடை சொல்லாமல் பொறுத்திருக்க வேண்டும் என்று அறிவது பெரிய பணியல்லவா? அன்புத் தோழியரே! அஞ்சாமல் வினவுவோம், அடுத்தவள் பேசுவதைச் செவிமடுப்போம், கூடி ஆராய்ந்து உண்மையைக் காண்போம்.