குஷனைக் கழற்று, அப்புறம் பேசு

சோபா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு: ஃபிளாட்டுகளில் பூனையும் நாய்க்குட்டியும் பெருகப் பெருக, மூத்திர வாடை அடிக்கும் தோல் சோபாக்கள் நம் கைக்கு நிறைய வரும். தோலைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாடை தோலில் இருப்பதைவிடத் தோலுக்கு அடியில்தான் அதிகம்.

1. வீட்டுக்காரர் போனில் கூப்பிடும்போதே சொல்லிவிடு: ஈரமாக இருந்தால் உலர்ந்த துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுக்கட்டும், தேய்க்க வேண்டாம். வேறு எதையும் ஊற்றவும் வேண்டாம்.

2. போனதும் கேள். எப்போது நடந்தது, ஒரு தடவையா பல தடவையா, அதற்கப்புறம் வீட்டில் எதை எதை ஊற்றினார்கள்? மூன்றாவது கேள்விக்கு வீட்டம்மா கொஞ்சம் தயங்குவார், விடாதே. பல சோபாக்களைக் கெடுத்தது மூத்திரம் அல்ல, பதற்றத்தில் ஊற்றிய பினாயிலும் பிளீச்சும்தான். பினாயில் பூனைக்கே ஆகாது. பிளீச் இன்னும் மோசம்: பழைய மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும். இன்னொன்றையும் விசாரி. ஒழுங்காக மணல் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று சோபாவில் போகிறது என்றால் மூத்திரப்பையில் கோளாறு இருக்கலாம். ஆண் பூனை முக்கியும் சொட்டு வரவில்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், உயிர் போகிற விஷயம். இது நம் வேலையா என்று கேட்காதே. பூனைக்குச் சரியாகாவிட்டால் சோபாவுக்கும் சரியாகாது.

3. என்ன தோல் என்று பார். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிற பிக்மென்ட் தோல், தைரியமாக வேலை செய்யலாம். உள்ளே இறங்கிக் கறுத்தால் அனிலின். அதில் கறை முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்காதே. மெத்து மெத்தென்று ரோமம் போல இருக்கும் சூயேடில் தண்ணீர்க் கையே வைக்காதே. ரெக்சினாக இருந்தால் அதையும் நாசூக்காகச் சொல்லிவிடு. தோல் விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு மனம் வலிக்கும்.

4. ஜன்னலை மூடி, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடி. மூத்திரம் பட்ட இடம் வெளிறி ஒளிரும். சோப்புத்தூள் பட்ட இடமும் ஒளிரும், அதனால் டார்ச்சை நம்பும் அளவுக்கு மூக்கையும் நம்பு.

5. இப்போது குஷனைக் கழற்று. ஜிப் இல்லாவிட்டால் அடிப்பக்கத் தையலைப் பிரி. மேலே ஒரு ரூபாய் அளவு கறை என்றால் ஃபோமில் தோசைக்கல் அளவுக்குப் பரவியிருக்கும். தையல் துளை வழியாகத்தான் இறங்கும். பைப்பிங்கை விரித்து உள்ளே ஓடும் பருத்திக் கயிற்றைப் பார், பழுப்பேறி விறைத்திருக்கும். அதை அலசிக்கொண்டிருக்காதே, வெட்டியெறிந்துவிட்டுப் புதுக் கயிறு போடு. அடியிலுள்ள வெப்பிங்கையும் பிளைவுட்டையும் முகர்ந்து பார். பிளைவுட்டைத் துடைத்துக் காயவைத்து அரக்குப் பாலிஷ் இரண்டு கை அடித்தால் வாடை உள்ளேயே அடைபடும்.

6. ஃபோமில் என்சைம் திரவம் ஊற்று. மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாத படிகம். அலசிக் காயவைத்தால் போன மாதிரி இருக்கும், ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் மறுபடி எழும்பும். என்சைம்தான் அதைச் சிதைக்கும். மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும். சீக்கிரம் உலராமல் இருக்க பாலித்தீன் போர்த்தி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விடு. அவசரப்பட்டு வினிகரையோ சோப்பையோ அதோடு கலந்தால் என்சைம் வேலை செய்யாது. பிறகு அலசிப் பிழிந்து, நிமிர்த்தி வைத்து, ஃபேன் காற்றில் உள்வரை காயவிடு. பல காலமாக ஊறிய ஃபோம் என்றால் இந்தப் பாடே வேண்டாம், மாற்றிவிடு.

7. தோலுக்குக் கை வேறு. தோல் இயல்பில் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. பழைய மூத்திரமோ காரம். அந்தக் காரம்தான் தோலை விறைக்க வைக்கிறது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடை. தையலிலிருந்து தையல்வரை முழுத் தோல் துண்டையும் லேசாக ஈரப்படுத்து, இல்லாவிட்டால் வட்டமாகத் தண்ணீர்க்கறை நிற்கும். எதைப் போட்டாலும் முதலில் மறைவான இடத்தில் போட்டுப் பார். சமையல் சோடாவைத் தோலில் குழைத்துப் பூசாதே, அதுவும் காரம்.

8. வெயில், ஹேர் டிரையர், ஸ்டீம் மூன்றும் கூடாது. ஈரத்தோல் சூட்டில் சுருங்கினால் மீளாது.

9. கண்டிஷனர் போடுவதற்கு முன் வாடையைச் சோதி. போட்ட பிறகு அதன் மணம் மூக்கை ஏமாற்றும். காய்ந்த குஷனைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு ராத்திரி வை. காலையில் பையைத் திறந்து, வேலை செய்யாத வேறு யாரையாவது முகரச் சொல். உன் மூக்குக்குப் பழகிப்போயிருக்கும்.

10. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும்போது டிரம்மில் உருட்டி எண்ணெய் ஏற்றுவார்கள். தோலின் மிருது அந்த எண்ணெய்தான். மூத்திரமும் நம் துடைப்பும் அதில் கொஞ்சத்தை இழுத்துவிடும். தோலுக்கென்றே வரும் கண்டிஷனரை மெல்லிய படலமாகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடு. தேவைப்பட்டால் இன்னொரு தடவை. வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கிறதே என்பார்கள். வேண்டாம், சிக்கு வாடை வரும், தூசி ஒட்டும், தோல் கறுக்கும்.

11. நிறம் போயிருந்தால் பிக்மென்ட் தோலுக்கு மட்டும் தண்ணீர்ச் சாயத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிய பூச்சாகப் பல கை கொடு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் டாப்கோட். கலரைப் பகல் வெளிச்சத்தில் சேர். ட்யூப்லைட்டில் சேர்த்த கலர் பால்கனிப் பக்கம் வைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

12. ரேட்டைக் குஷன் பிரித்த பிறகு சொல். ஃபோம் மாற்ற வேண்டியிருந்தால் அதைத் தனிவரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கு.