கிராமத்துக்கு ஒரு முதியோர் பகல் நிலையம்

‘முதியோர் இல்லம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எமது ஊர்களில் பலருக்கு மனம் கசக்கும். பிள்ளைகள் இருக்க உம்மாவைக் கொண்டுபோய் விடுவதா என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கசப்பினால் ‘முதியோர் பகல் பராமரிப்பு நிலையம்’ என்ற நல்ல ஏற்பாட்டையும் நாம் தள்ளி வைத்து விடுகிறோம். இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதியோர் இல்லத்தில் முதியவர் தங்கி வாழ்வார். பகல் நிலையத்துக்கோ அவர் காலையில் சென்று மாலையில் வீடு திரும்புவார். உண்பது, பேசுவது, தொழுவது, சிறு கைவேலை செய்வது எல்லாம் தன் வயதையொத்தவர்களுடன். இரவில் அவர் உறங்குவது தன் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான்.

இத்தகைய நிலையங்களின் தேவை வேகமாக வளர்ந்து வருகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 7.9 சதவீதம். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. அதாவது இன்று ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் முதியவர். நகரத்தில் வைத்தியசாலையும் மருந்துக்கடையும் அருகில் இருக்கும். கிராமத்து முதியவரோ மாதாந்தக் கிளினிக்குக்குப் போவதற்கும் பஸ்ஸுக்காகவோ முச்சக்கர வண்டிக்காகவோ காத்திருக்க வேண்டும்.

கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் திருமணமான பின்னும் மகள் தாய் வீட்டிலோ அதை அண்டிய வளவிலோ வாழ்வது வழக்கம். ஆகவே வயதான பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பும் பெரும்பாலும் மகளையே சேர்கிறது. முன்னர் அந்த மகள் பகல் முழுதும் வீட்டில் இருந்தாள். இன்று அவள் ஆசிரியையாக, தாதியாக, எழுதுவினைஞராகக் காலையிலேயே புறப்படுகிறாள். அல்லது குடும்பச் சுமையால் வெளிநாடு சென்றிருக்கிறாள். அப்போது மூத்தும்மாவின் பகலை யார் பார்ப்பது?

எங்கள் வீட்டில் அதற்கு விடையாக இருந்தவர் என் ராத்தா. மூத்தும்மாவுக்குப் பாரிசவாதம் வந்த வருடம் அவர் உயர்தர வகுப்பில் இருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பாடசாலைக்குச் செல்லவில்லை. வீட்டில் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பெண்பிள்ளை என்பதால் அது இயல்பாகவே அவர் தோளில் விழுந்தது. மூத்தும்மாவும் இதை எண்ணி வருந்தினார். “என்னால உன்ட படிப்பு கெடுது புள்ள” என்று அடிக்கடி சொல்வார். அருகில் ஒரு பகல் நிலையம் இருந்திருந்தால் மூத்தும்மாவின் மனச்சுமையும் ராத்தாவின் இழப்பும் குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயதான ஆண்களுக்குப் பள்ளிவாசல் விறாந்தையும் தேநீர்க் கடையும் இருக்கின்றன. ஐவேளையும் நாலு முகத்தைக் காண்கிறார்கள். வயதான பெண்களுக்கு அப்படியோர் இடம் இல்லை. ஆண்களைவிடப் பெண்களின் ஆயுட்காலம் கூடுதல் என்பதால் கணவனை இழந்து தனித்திருப்பவர்களிலும் பெண்களே அதிகம். அவர்களுக்கெனத் தனி அறை, தொழுவதற்கு இடம், பெண் பராமரிப்பாளர் ஆகியன நிலையத்தில் அவசியம்.

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. படியில்லாத வாசல், கைபிடியுள்ள கழிவறை, வழுக்காத தரை, சாய்வு நாற்காலிகள், உப்பும் சீனியும் குறைத்த பகலுணவு, இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் கருவிகள், நேரத்துக்கு மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், அழைத்து வந்து கொண்டுபோய் விட ஒரு வாகனம். இவை இருந்தாலே தொடங்கலாம்.

பிள்ளைகளின் கடமையை நிலையத்தின் மீது சுமத்துவதாகாதா என்று சிலர் கேட்கலாம். அல்குர்ஆனின் பதினேழாவது அத்தியாயம், அல்லாஹ்வை மட்டுமே வணங்குவதோடு சேர்த்தே முதுமையடைந்த பெற்றோருக்கு நன்மை செய்வதையும் கட்டளையிடுகிறது. அந்தக் கடமை எப்போதும் பிள்ளைகளுடையதே. எமது நாட்டின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்கிறது. பகல் நிலையம் அந்தக் கடமையைத் தொடர்ந்து செய்வதற்குக் கைகொடுக்கும். பகல் முழுதும் தனிமையில் வாடாத தாயும், களைத்துச் சலிக்காத மகளும் மாலையில் முகமலர்ச்சியோடு பேசிக்கொள்வார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பகுதிக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவிலோ உங்கள் ஊர் முதியோர் சங்கம் இயங்குகிறதா என்று கேளுங்கள். பகல் நிலையம் பற்றிய பேச்சை அங்கே தொடங்கலாம். தோழிகளே, உங்கள் தெருவில் பகலில் தனித்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு விடுமுறை நாளில் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைக் கையில் கொண்டு போனால் உங்கள் ஊருக்கு நிலையம் தேவையா என்று யாரும் வாதிட மாட்டார்கள்.