பெரிய டர்போ போடலாமா?

கேள்வி: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருக்கிறேன். ரீமேப் செய்தாயிற்று. அடுத்து ஐஎஸ்38 டர்போவா, ஹைப்ரிட் டர்போவா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் காரில் கம்பெனி பொருத்தியது ஐஎஸ்20. சின்ன டர்பைன், மிதித்தவுடன் இழுக்கும். ஐஎஸ்38, கோல்ஃப் ஆர் காரில் வந்தது. அதே இடத்தில் பொருந்திவிடும். ஐஎஸ்20 மூச்சு வாங்கும் மேல் ஆர்பிஎம்மில் இது பாயும். ஆனால் பூஸ்ட் ஏறச் சற்றுத் தாமதமாகும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டாம் கியரில் ஊரும் எண்ணூர் விரைவுச்சாலையில் உங்களுக்கு அந்தத் தாமதம் மட்டும்தான் மிஞ்சும்!

ஹைப்ரிட் என்பது பழைய கூட்டுக்குள் பெரிய சக்கரங்களை வைத்துக் கட்டுவது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள். பாலன்சிங் பிசகினால் போட்ட பணம் புகைதான். கட்டுபவரை நன்றாகத் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

உங்கள் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் வேறு. சத்தத்துக்கு ஆசைப்பட்டுத் திறந்த ஏர் ஃபில்டர் போடாதீர்கள். ஃபில்டரைத் தாண்டி வரும் தூசி கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பை அரித்துவிடும்.

என் ஓட்டு ஐஎஸ்20-க்கே. அந்தக் காசில் நல்ல இன்டர்கூலர் போடுங்கள். சித்திரை வெயிலில் உள்ளே போகும் காற்று சூடானால் ஈசியூ இக்னிஷனைத் தாமதப்படுத்தும். எந்த டர்போவானாலும் பவர் குறையும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் என்றால் ஐஎஸ்38 சரி. ஆனால் கம்பெனி தந்த டார்க்கே 350 என்எம். அதை மேலும் ஏற்றினால் டிஎஸ்ஜி கிளட்சுக்கும் செலவு வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற அது தடை போடுகிறது.